பங்குனில கூட்டம் போட்டா யாரும் வரமாட்டாங்க தம்பி, தையிலயே ஆரம்பிங்க

பேரையூர் தாலுகால சாப்டூர் பக்கம் மலையடிவாரத்து ஊர்க்காரத் தம்பி ஒருத்தர் கேட்டுருக்காரு. வருஷா வருஷம் மாசி பங்குனில மலை எரியுதாம், போன வருஷம் இவங்க தோட்டத்து வேலி வரைக்கும் தீ இறங்கிருச்சாம், ஊர்க்காரங்கள சேத்து ஏதாச்சும் பண்ணலாம்னு கூட்டம் போட்டா பத்து பேரு கூட வரலயாம், வந்தவங்களும் "அது ஃபாரஸ்ட்காரன் வேலைப்பா"ன்னுட்டு எந்திரிச்சுப் போய்ட்டாங்களாம். ஆளுகள எப்படிக் கிளப்புறது, கிளப்புனா என்ன வேலை குடுக்குறதுன்னு கேக்குறாரு. நான் தீயணைப்புத் துறையில வேலை பாத்து ரிட்டயர் ஆனவன், மதுரை தேனி ரெண்டு மாவட்டத்துலயும் மலையோர ஊருக நிறைய பாத்துருக்கேன், தெரிஞ்சத சொல்றேன். கொஞ்சம் நீளமாத்தான் போகும்.

முதல்ல, உங்க ஊர்ப் பெருசுக சொன்னது பாதி சரி. மலைக்கு மேல எரியுற தீய அணைக்குறது ஊர்க்காரன் வேலை இல்லதான். அதுக்கு வனத்துறையில ஆளு இருக்கு, வேட்டைத் தடுப்புக் காவலர்கள் இருக்காங்க, சீசனுக்குன்னு தீத்தடுப்புக் காவலர்கள எடுக்குறாங்க, எந்தச் சரிவுல எப்ப ஏறலாம் எப்ப இறங்கனும்னு அவங்களுக்குத் தெரியும். ஆனா மூணு வேலை இருக்கு, அத ஊர்க்காரன தவிர வேற யாராலயும் பண்ண முடியாது. நம்ம பக்கத்துல இருந்து தீ மேல போகாம பாக்குறது, மேல பொகை தெரிஞ்சா சரியான எடத்தச் சொல்லி உடனே போன் அடிக்குறது, தீ கீழ இறங்குனா வீடு தொழுவம் தோட்டத்துக்குள்ள நுழையாதபடி ஊரோட விளிம்ப முன்னாடியே சுத்தமா வச்சிருக்குறது. நீங்க கூட்டத்துல "மலையக் காப்பாத்துவோம்"னு பேசிருப்பீங்க, சரியா? அதுக்கு ஆளு வராது. "உன் வைக்கப்படப்பு எரியாம இருக்க என்ன பண்ணலாம்"னு கேட்டுப் பாருங்க, வருவாய்ங்க.

அடுத்தது கூட்டம் போட்ட நேரம். மலை எரியுறத பாத்த பெறகு பங்குனில கூட்டம் போட்டுருக்கீங்க, அப்ப பண்றதுக்கு வேலையே மிச்சம் இருக்காது. நம்ம பக்கத்து கணக்க பாருங்க, ஐப்பசி கார்த்திகை மழைக்கு புல்லு ஆளு ஒசரத்துக்கு வளரும், மார்கழி பனியில பச்சையா நிக்கும், தை கடைசில மஞ்சளாகும், மாசி வந்துட்டா சரசரன்னு காஞ்சு தீப்பெட்டிக்கு காத்திருக்கும். சித்திரையில கோடை மழை ஒண்ணு ரெண்டு விழுந்தாத்தான் கொஞ்சம் அடங்கும், விழலன்னா வைகாசி வரைக்கும் இழுக்கும். எந்த வருஷம் கார்த்திகை மழை நல்லா பேயுதோ அந்த வருஷம் புல்லும் ஜாஸ்தி, தீயும் ஜாஸ்தியா இருக்க வாய்ப்பு, இத நம்மாளுக கவனிக்க மாட்டாங்க, நல்ல மழை வருஷம்னு நிம்மதியா இருப்பாங்க. அதனால வேலைக்கு நேரம் மார்கழி கடைசியும் தை மாசமும். அதுல ஒரு வசதியும் இருக்கு, பொங்கலுக்கு எப்படியும் எல்லாரும் வீட்ட ஒட்டறை அடிச்சு வெள்ளையடிச்சு சுத்தி இருக்குற குப்பை கூளத்த அள்ளுறாங்க, திருப்பூர் கோயம்புத்தூர் சென்னைன்னு வேலைக்குப் போன பயலுக எல்லாம் ஊர்ல இருப்பாங்க. மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் காலையில மூணு மணி நேரம், அவ்வளவுதான் கேளுங்க. ஒரு மாசம் உழைக்கனும்னு சொன்னா ஒருத்தன் வரமாட்டான், மூணு மணி நேரம்னு சொல்லி கடைசில கறிச்சோறுன்னு சொன்னா பாதி ஊரு வரும்.

இது நானா கண்டுபிடிச்சது இல்ல. அமெரிக்காவுல காட்டுத்தீக்கு ஊர் தயாராகுற நாள்னே ஒண்ணு வச்சிருக்காங்க, மே மாசம் முதல் சனிக்கிழமை, அந்த ஊர் தேசிய தீத்தடுப்புச் சங்கம் நடத்துறது. அன்னைக்கு அக்கம்பக்கத்துக்காரங்க சேந்து காஞ்ச இலைய அள்ளுவாங்க, கூரைய சுத்தம் பண்ணுவாங்க, தனியா இருக்குற வயசானவங்க வீட்டுக்குப் போய் வேலை செஞ்சு குடுப்பாங்க, பெருசா ஒண்ணும் இல்ல. நல்ல திட்டம்னு ஒரு இன்சூரன்ஸ் கம்பெனி சில குழுக்களுக்கு 500 டாலர் குடுக்கவும் செய்யுது. நம்ம ஊருக்கு மே முதல் வாரம்னா அக்னி நட்சத்திரம், எரிய வேண்டியதெல்லாம் எரிஞ்சு முடிஞ்சிருக்கும், அதனால தேதிய காப்பி அடிக்காதீங்க, முறைய எடுத்துக்கங்க. ஒரே நாள், சின்ன வேலை, அவங்கவங்க வீட்டுல இருந்து ஆரம்பம். நம்ம தீயணைப்புத் துறையும் வருஷா வருஷம் ஏப்ரல் 14ல இருந்து 20 வரைக்கும் தீத்தொண்டு வாரம் நடத்துது, 1944ல அதே தேதி பம்பாய் துறைமுகத்துல கப்பல் வெடிச்சு செத்துப்போன தீயணைப்பு வீரர்கள் நினைவா. அந்த வாரம் எங்காளுக ஸ்கூல் ஸ்கூலா டெமோ காட்டப் போயிருவாங்க, நீங்க நிலையத்துக்குப் போய் "சார் எங்க ஊருக்கு ஜனவரிலயே ஒரு தடவ வாங்க"ன்னு ஒரு லெட்டர் குடுங்க, பெரும்பாலும் வருவாங்க, யாரும் கூப்பிடுறதில்லங்கறதுதான் விஷயம்.

சரி, அந்த மூணு மணி நேரத்துல என்ன பண்றது. இங்க ஒரு விஷயத்த புரிஞ்சுக்கனும், காட்டுத்தீ ஊருக்குள்ள வர்றது பெரும்பாலும் பெரிய ஜுவாலையா இல்ல, பறந்து வர்ற கங்காத்தான். அமெரிக்காவுல ஜாக் கோஹன்னு ஒரு ஆராய்ச்சியாளர் இதையே வருஷக்கணக்கா ஆராய்ஞ்சவர், வீடு எரியுதா இல்லையாங்கறத காடு தீர்மானிக்கிறத விட வீடும் அத ஒட்டி இருக்குற கொஞ்ச தூரமும்தான் தீர்மானிக்குதுன்னு காட்டுனாரு. 2018 நவம்பர்ல கலிபோர்னியால பாரடைஸ்ங்கற ஊரே எரிஞ்சு 85 பேர் செத்தாங்க, அந்த போட்டோவெல்லாம் பாத்தீங்கன்னா வீடு சாம்பலா கிடக்கும், பக்கத்துல மரம் பச்சையா நிக்கும். கங்கு பறந்து வந்து காஞ்ச சருகுலயும் விறகுலயும் விழுந்து வீட்டப் பத்த வச்சுருக்கு. அதனாலதான் அவங்க வீட்டுச் செவுத்துல இருந்து முதல் அஞ்சடிக்குள்ள எரியுற பொருள் எதுவும் இருக்கக்கூடாது, அதத் தாண்டி முப்பதடி வரைக்கும் கொறைச்சு வைக்கனும்ங்கறாங்க. நம்ம வீட்டுச் செவுத்துல இருந்து அஞ்சடிக்குள்ள என்ன இருக்கும்? விறகுக் கட்டு, தென்ன மட்டை, பழைய சாக்கு, வரட்டி அடுக்கு, பிளாஸ்டிக் குடம், ஓட்டு மேல காஞ்சு கிடக்குற வேப்பிலை. இத நகத்துறதுக்கு ரேஞ்சர் பெர்மிஷன் வேணாம், காசும் வேணாம்.

படப்பு பத்தி தனியா சொல்லனும், ஏன்னா நம்ம பக்கம் மலைத்தீயில ஊர்க்காரனுக்கு முதல் நஷ்டம் அங்கதான். வைக்கப்படப்புல மேலாப்புல ஒரு கங்கு விழுந்தா உடனே குபீர்னு எரியாது, சில சமயம் ஒரு மணி நேரம் ஒண்ணுமே தெரியாது, தாளுக்கு நடுவுல காத்து நின்னுருக்கும்ல, அதுல மெதுவா கனிஞ்சு உள்ள இறங்கும். வெளிய லேசா பொகை, ஒரு மாதிரி கருகுன வாடை, வீட்டுக்காரம்மா அடுப்புப் பொகைன்னு நினைச்சுக்கும். அப்புறம் ஒரு காத்து அடிக்கும் பாருங்க, அப்ப பக்கவாட்டுல வெடிச்சுக்கிட்டு வெளிய வரும். எங்க வண்டி வந்து மேல தண்ணி அடிச்சா மேலதான் அணையும், உள்ள கங்கு அப்படியே கிடக்கும், ஜேசிபிய விட்டு பிரிச்சுப் பரப்பி நனைச்சாத்தான் அடங்கும், அதுக்குள்ள ஒட்டுனாப்புல இருக்குற தொழுவம் போயிருக்கும், கட்டிக் கிடந்த மாடு வெந்துரும். படப்புக்கும் தொழுவத்துக்கும் நடுவுல ஒரு வண்டி திரும்புற அளவு எடம் விடுங்க, படப்ப மலைப்பக்கம் பாத்த ஓரத்துல போடாம ஊருக்கு உள்பக்கம் போடுங்க. சுத்தி நாலடிக்கு மண்ணு தெரியுற மாதிரி செதுக்கி வைங்க, சாணி மெழுகிட்டா இன்னும் நல்லது. தீ சீசன்ல மாட்ட இறுக்கி முடிச்சு போட்டுக் கட்டாம இழுத்தா அவுந்துடுற முடிச்சா போடச் சொல்லுங்க. இத தாத்தாக்கள் எல்லாரும் ஒரு காலத்துல பண்ணவங்கதான், புதுசா ஒண்ணும் இல்ல.

வீட்டுக்கு அடுத்து ஊரு விளிம்பு. காட்டுக்குள்ள தீத்தடுப்புக் கோடு, அதாவது தீ தாண்டாம புல்ல செதுக்கி விடுற பட்டை, போடுறது வனத்துறை வேலை, அவங்க எல்லைக்குள்ள நீங்க போய் ஒரு செடிய வெட்டுனாக் கூட கேஸ்தான், அதுலயும் சாப்டூர் பக்கத்துக் காடு 2021ல இருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகத்துல வருது, அதுக்கு முன்னாடி 1988லயே சாம்பல் நிற அணிலுக்கான சரணாலயமா அறிவிச்சது, அதனால சட்டம் ரெம்ப இறுக்கம். ஆனா உங்க பட்டா நிலத்துல நீங்க உழுகலாம்ல. மலையோரமா தோட்டம் இருக்குறவங்க லிஸ்ட்ட எடுங்க, ஒரு ஊருக்கு முப்பது நாப்பது பேரு இருந்தா பெருசு. ஒவ்வொருத்தரும் தை மாசம் முடியுறதுக்குள்ள மலைப்பக்கத்து வரப்ப ஒட்டி டிராக்டர விட்டு ரெண்டு சுத்து உழுது விட்டா போதும், ரோட்டாவேட்டரோ கலப்பையோ எதுவா இருந்தாலும் சரி, புல்லு மண்ணுக்குள்ள போயி வெறும் மண்ணு மேல வந்துரும், தரையோட ஓடி வர்ற புல்லுத்தீ அந்தப் பட்டைக்கு வந்து பெரும்பாலும் நின்னுரும். ஒருத்தர் உழுது பக்கத்துக்காரர் உழுகலன்னா அந்த சந்துல பூந்து வரும், அதனால எல்லாரும் ஒரே வாரத்துல உழுகனும், டிராக்டர் வச்சிருக்குறவர் ஒருத்தர்கிட்ட பேசி வரிசையா முடிச்சு வாடகைய பிரிச்சுக்கங்க. வெளியூர்ல இருக்குற ஆளோட தரிசு நிலம்தான் எப்பவும் ஓட்டையா இருக்கும், சீமைக்கருவேலமும் உண்ணிச்செடியுமா மண்டிக் கிடக்கும், அந்த ஆளுக்கு முன்னாடியே போன் போட்டு சம்மதம் வாங்கி வச்சுக்கங்க, இல்லாட்டி அப்புறம் என் நிலத்துல எவன்டா உழுததுன்னு வேற வம்பு வரும்.

இப்ப தீ எங்க இருந்து வருதுன்னு பேசனும், இதுலதான் ஊருக்குள்ள மனஸ்தாபம் வர்றது. நம்ம காட்டுல மின்னல் விழுந்து தானா பத்துறதெல்லாம் அபூர்வம், மனுஷன் கைதான். மூங்கில் உரசி பத்திக்கிச்சுன்னு சொல்றதெல்லாம் நான் நம்ப மாட்டேன். உடனே எல்லாரும் ஆட்டுக்காரனையும் மாட்டுக்காரனையும் மலையில இருக்குற பளியர் பழங்குடிகளையும் கைகாட்டுவாங்க. மேச்சக்காரங்க பழைய புல்ல கருக்கி விட்டா மழைக்கு இளம்புல்லு வரும்னு வைக்கிறது உண்டு, இல்லன்னு சொல்லல. ஆனா அவங்க தரப்பையும் கேளுங்க. 2022 மார்ச்ல ஹைகோர்ட் காட்டுக்குள்ள மேய்ச்சலுக்கே தடை போட்டு, அப்புறம் அத தேசியப் பூங்கா, சரணாலயம், புலிகள் காப்பகத்தோட நிறுத்திக்கிச்சு, உங்க மலை அதுக்குள்ள வர்றதுனால தலைமுறையா மலைமாடு ஓட்டிக்கிட்டுப் போனவனுக்கு பாதை அடைஞ்சு போச்சு, அவன் கடுப்புல இருக்கான். மேயாத புல்லு அப்படியே நின்னு காயுது, அதுவும் தீக்கு தீனிதான். இந்த நேரத்துல அவன குத்தவாளியாக்கி கூட்டத்துல பேசுனா மலையில என்ன நடக்குதுன்னு தெரிஞ்ச ஒரே ஆளையும் இழந்துருவீங்க. எந்தச் சரிவுல புல்லு அடர்த்தி, எந்த ஓடையில தண்ணி மிச்சம் இருக்கு, எந்தப் பாதையில இறங்கலாம்னு அவங்களுக்குத்தான் தெரியும். உங்க குழுவுல முதல் பேரா ஒரு மாட்டுக்கார பெரியவர போடுங்க, அவர முன்னாடி உக்கார வைங்க, கூட்டத்துக்கு போற வழியிலயே ஊருக்குள்ள பேச்சு மாறும். பளியர் குடியிருப்பு பக்கத்துல இருந்தா அங்கயும் நேர்ல போய்க் கேளுங்க, தேனெடுக்கப் போறவங்க கண்ணுக்கு பொகை நமக்கு முன்னாடி தெரியும்.

அப்புறம் நம்ம எல்லாரும் வைக்கிற தீ இருக்குல்ல, அத யாரும் பேசமாட்டாய்ங்க. மாசி சிவராத்திரிக்கு குலதெய்வம் கும்பிட மதுரையில இருந்தும் சென்னையில இருந்தும் வேன் வேனா வர்றாங்க, உசிலம்பட்டி பக்கம் மாசிப்பெட்டின்னு சாமி பெட்டி தூக்குற கூட்டம்னா கேக்கவே வேணாம், பாதி கோயிலு மலையடிவாரத்துலயும் கோயில்காட்டுலயும்தான் இருக்கு, கல்லக் கூட்டி அடுப்பு வச்சு பொங்க வச்சு கெடா வெட்டி சாப்புட்டு கங்க அப்படியே விட்டுட்டு வண்டியேறிருவாங்க, அது புல்லு நல்லா காஞ்ச மாசம். சதுரகிரிக்கு அமாவாசை பௌர்ணமிக்கு ஏறுற கூட்டத்துலயும் சூடம் பத்த வைக்கிறவன், பீடி தூக்கிப் போடுறவன் இருக்கான், தீ புடிச்சா மலையேறவே தடை போட்டுருவாங்க, அப்ப கீழ கடை போட்டவன் பொழப்பும் போச்சு. கோயில் பூசாரிகிட்டயும் பங்காளிக கிட்டயும் சொல்லி அடுப்பு வைக்கிறதுக்குன்னு செதுக்குன ஒரு எடம், பக்கத்துலயே ரெண்டு டிரம் தண்ணி, கிளம்புறதுக்கு முன்னாடி கங்குல தண்ணி ஊத்தி கையால தொட்டுப் பாத்துட்டுத்தான் வண்டியேறனும்னு ஒரு வழக்கம் கொண்டு வாங்க. சாமி பேரச் சொல்லி பூசாரி சொன்னா கேப்பாங்க, ஃபாரஸ்ட்காரர் போர்டு வச்சா அதுல சட்டைய காயப் போடுவாங்க. இன்னொண்ணு கேதத்துக்கு போடுற வெடி, சுடுகாடு மலைப்பக்கம் இருக்குற ஊர்ல மாசில இருந்து சித்திரை வரைக்கும் வெடி வேணாம்னு ஊர்க்கட்டுப்பாடு போட்டே ஆகனும். பஞ்சாயத்து குப்பைய மலையோரம் கொட்டி கொளுத்துறதும் இதே கதைதான், கரும்புச் சோகை கொளுத்துறதும் வரப்பு கருக்குறதும் இதே கதைதான்.

வரப்பு கருக்குறதுக்கு ஒரு நல்ல வழி உத்தராகண்ட்ல பண்ணிருக்காங்க. அல்மோரா மாவட்டத்துல சீதலாகேத்னு ஒரு பகுதி, அங்க மலைக்காரங்க வயல்ல வெட்டிக் குமிச்ச புதரையும் கூளத்தையும் கோடையில கொளுத்துறப்பதான் அது காட்டுக்குத் தாவிக்கிட்டு இருந்துச்சு. அவங்க கொளுத்தாதன்னு சொல்லல, மார்ச் 31க்குள்ள கொளுத்தி முடிச்சுரு, அதுக்கப்புறம் தொடாதன்னு ஊரா சேந்து முடிவு பண்ணி ஏப்ரல் 1ஆம் தேதிய அதுக்கு ஒரு நாளாவே வச்சுக்கிட்டாங்க, பொம்பளைங்கதான் அதுல முன்னாடி நின்னாங்க. அங்க அவங்களுக்கு ஏப்ரல் மே ஜூன்தான் தீக்காலம், நமக்கு அது முன்னாடியே வந்துருது, அதனால நம்ம ஊருக்கு தை கடைசின்னு வச்சுக்கலாம். தை முடிஞ்சா வரப்புல தீ வைக்கக்கூடாது, அதுக்கு முன்னாடி வைக்கிறதுன்னாலும் காலையில, காத்து இல்லாதப்ப, பக்கத்துல தெளிப்பான் டேங்க்கோட ரெண்டு ஆளு நிக்கனும். வைக்கவே கூடாதுன்னு சொன்னா திருட்டுத்தனமா சாயங்காலம் வச்சுட்டு ஓடிருவான், அது இன்னும் ஆபத்து.

பொகை தெரிஞ்சா என்ன பண்றதுங்கறது அடுத்தது. இந்திய வன அளவை நிறுவனம் சாட்டிலைட் வச்சு தீ இருக்குற எடத்த கண்டுபிடிச்சு எஸ்எம்எஸ் அனுப்புது, வனத்துறைக்கு மட்டும் இல்ல, அவங்க வெப்சைட்ல பொதுஜனமும் பதிவு பண்ணிக்கலாம், உங்க பயலுக ரெண்டு மூணு பேரு பண்ணி வைங்க. ஆனா அத நம்பி உக்காந்துராதீங்க. சாட்டிலைட் நம்ம தலைக்கு மேல நாள் பூரா நிக்கிறதில்ல, ஒரு நாளைக்கு சில தடவ கடந்து போகும், நல்ல கருவி எடுக்குற படத்துலயே ஒரு கட்டம்ங்கறது தரையில 375 மீட்டர், சின்னத் தீ, மேகம் போட்டா தீ, பாறைக்கு அந்தப் பக்கத்து தீயெல்லாம் தப்பிச்சுரும். நீங்க மொட்டமாடில நின்னு பாத்து அடிக்கிற போன்தான் பல சமயம் முதல் தகவலா இருக்கும்.

இங்க ஒரு சிக்கல் இருக்கு, இத நான் பல தடவ பாத்தது. ஊர்க்காரர் போன்ல "வழுக்குப்பாறைக்கு மேக்க, ஊத்துக்கு மேல எரியுது சார்"னு சொல்லுவாரு. வழுக்குப்பாறைங்கற பேரு ஊருக்கு ஒண்ணு இருக்கும். வனத்துறைக்காரர் கையில இருக்குற மேப்புல காட்ட ரேஞ்சு, பீட்டுன்னு பிரிச்சு வேற பேரு இருக்கும், போன் எடுக்குற எங்க கன்ட்ரோல் ரூம் ஆளுக்கு ரெண்டுமே தெரியாது. இதுலயே அரை மணி நேரம் போயிரும். அதுக்கு ஒரு மேப்பு போடுங்க. ஸ்கூல் பிள்ளைகள விட்டு சார்ட் பேப்பர்ல ஊர்ல நின்னு பாத்தா மலை எப்படித் தெரியுதோ அப்படியே வரையச் சொல்லுங்க, மாட்டுக்கார பெரியவர பக்கத்துல வச்சு ஒவ்வொரு பாறைக்கும் ஓடைக்கும் முகட்டுக்கும் ஊர்ல சொல்ற பேர எழுதுங்க, அப்புறம் ஃபாரஸ்ட் கார்டு ஒருத்தர கூப்பிட்டு அவர் சொல்ற பீட் பேரையும் அது மேலயே வேற கலர்ல எழுதச் சொல்லுங்க. அத போட்டோ எடுத்து ரேஞ்ச் ஆபீஸ், தீயணைப்பு நிலையம், போலீஸ் ஸ்டேஷன், ஊர் வாட்சப் குரூப் எல்லாத்துக்கும் அனுப்பிருங்க, ஒரு காப்பிய பால் சொசைட்டி செவுத்துல ஒட்டுங்க. கிராம சபைக்கு வராத ஆளு கூட காலையில பாலு ஊத்த வருவாருல்ல, அதுலயும் பொம்பளைங்க நிறைய வருவாங்க, உங்க கூட்டத்தையே நீங்க அங்கதான் போட்டுருக்கனும்.

அந்த சார்ட்லயே நம்பரையும் எழுதுங்க. தீயணைப்புக்கு 101, எல்லா அவசரத்துக்கும் 112, ஆம்புலன்ஸ் 108, கலெக்டர் ஆபீஸ் பேரிடர் கட்டுப்பாட்டு அறைக்கு 1077, கூடவே ரேஞ்சர் நம்பரும் உங்களுக்கு கிட்ட இருக்குற தீயணைப்பு நிலையத்தோட நேரடி நம்பரும். எங்க வண்டில பொதுவா 4,500 லிட்டர் தண்ணி இருக்கும், முழு வேகத்துல அடிச்சா சில நிமிஷத்துல காலி, அதனால வண்டி வர்றதுக்குள்ள எந்தக் கிணத்துல தண்ணி இருக்கு, எந்த மோட்டாருக்கு இப்ப த்ரீ பேஸ் கரண்டு வரும், யாருகிட்ட டீசல் இன்ஜின் இருக்கு, யாருகிட்ட டிராக்டர் டேங்கர் இருக்குன்னு ஒருத்தர் கையில லிஸ்ட் இருக்கனும். வண்டி நுழையுற பாதையில டிராக்டர் டிரெய்லர நிப்பாட்டி வைக்கிற ஆளு உங்க ஊர்லயும் இருப்பாரு, அவர்கிட்ட தனியா பேசிருங்க.

இப்ப பயலுக விஷயம். மலை எரியுதுன்னா நாலு பைக்குல ஏறி மேல போயி ரீல்ஸ் எடுக்குறது, இல்லாட்டி பச்சத் தழைய ஒடிச்சு நாங்க அணைக்குறோம்னு சரிவுல ஏறுறது, ரெண்டையும் நிறுத்தனும். 2018 மார்ச் 11, நம்ம பக்கத்து போடி குரங்கணி மலைய யாரும் மறந்துருக்க மாட்டீங்க. சென்னையில இருந்தும் திருப்பூர் ஈரோடு பக்கம் இருந்தும் ட்ரெக்கிங் வந்த பிள்ளைக, காஞ்ச புல்லுச் சரிவுல தீ சுத்தி வளைச்சு, ஆஸ்பத்திரில செத்தவங்களையும் சேத்து 23 பேரு. மதுரை பெரியாஸ்பத்திரி தீக்காய வார்டுலயும் கொண்டாந்து சேத்தாங்க. உள்ளூர் ஆளுகதான் முதல்ல மேல ஏறிப் போயி துணியில தூளி கட்டித் தூக்கிட்டு வந்தாங்க, அவங்கள கும்பிடனும், ஆனா அதுல நம்ம படிக்க வேண்டியது வேற. சரிவுல தீ மேல நோக்கி ஓடும், சரிவு 10 டிகிரி கூடுனா வேகம் ஏறக்குறைய ரெண்டு மடங்காகும், ஆளு ஓடி ஜெயிக்க முடியாது. ஓடைப்பள்ளம் பாதுகாப்புன்னு இறங்குனா அதுவே புகைபோக்கியா மாறி அனலு அதுக்குள்ளதான் ஏறும். மாட்டிக்கிட்டா தீ ஏற்கனவே எரிஞ்சு முடிச்ச கருகுன எடம், இல்ல வெறும் பாறை, அங்கதான் போகனும். நைலான் பாலியஸ்டர் டிரஸ் உருகி தோல்ல ஒட்டிக்கும். எதிர்த்தீ, அதாவது வர்ற தீக்கு எதிரா இன்னொரு தீய வச்சு அணைக்குறது சினிமால பாக்க நல்லா இருக்கும், பழகுன ஆளுக காத்தப் பாத்து வைக்கிறது அது, ஊர்க்காரன் வச்சா இன்னொரு தீதான், சரணாலயத்துக்குள்ள தீ வைக்கிறது 1972 வனவிலங்கு சட்டம் 30வது பிரிவுல குத்தம் வேற.

பயலுகளுக்கு வேற வேலை குடுங்க. ஒவ்வொரு வீட்டுலயும் நடக்க முடியாத பெருசுக, கைக்குழந்தை, ஆஸ்துமாக்காரங்க யாரு இருக்காங்கன்னு ஒரு கணக்கு, யார எவன் பைக்குல ஏத்திக்கிட்டு எந்த ஸ்கூலுக்கு கொண்டு போறதுன்னு முன்னாடியே பேரு பிரிச்சுக்கங்க. ஈரத்துணி மூஞ்சில கட்டுனா பொகை நிக்காது, என்95 மாஸ்க் கொஞ்சம் வாங்கி வைங்க. தீக்காயம் பட்டா குழாய்த் தண்ணில ஒரு இருவது நிமிஷம் காட்டனும், பேஸ்ட்டு மாவு இங்க்கு எதுவும் தடவக்கூடாது, இத எத்தன தடவ சொன்னாலும் நம்ம ஆளுக பேஸ்ட்டத்தான் தேடுவாய்ங்க.

கடைசியா, இத எல்லாத்தையும் காகிதத்துல ஏத்துங்க. கிராம சபை இப்ப வருஷத்துக்கு ஆறு தடவ நடக்குது, இதுல நமக்கு உதவுறது நவம்பர் 1ம் ஜனவரி 26ம்தான், மார்ச் 22 வர்றப்ப மலை எரிஞ்சுக்கிட்டு இருக்கும். கிராம சபை தீர்மானத்துக்கு என்ன மதிப்புன்னு கேக்குறவங்களுக்கு மேலூர் பக்கத்த காட்டுங்க, அரிட்டாபட்டி டங்ஸ்டன் சுரங்கத்துக்கு எதிரா ஊர் ஊரா தீர்மானம் போட்டு, தெருவுல இறங்கி நின்னு, 2025 ஜனவரில மத்திய அரசு ஏலத்தையே ரத்து பண்ணுச்சு. உங்க தீர்மானம் அவ்வளவு பெருசெல்லாம் வேணாம். தை கடைசிக்கு மேல வரப்புல தீ கிடையாது, மாசி முதல் சித்திரை வரை கேத வெடி கிடையாது, பஞ்சாயத்து குப்பைய மலையோரம் கொட்டக்கூடாது, சிவராத்திரிக்கு கோயில்ல தண்ணி டிரம் பஞ்சாயத்து செலவுல வைக்கனும், ஊரோட ஒட்டுன காட்டு எல்லையில தீத்தடுப்புக் கோட்ட ஜனவரிக்குள்ள எடுக்கச் சொல்லி வனத்துறைய கேட்டுக்கனும், தீத்தடுப்புக் காவலர் எடுக்குறப்ப உள்ளூர் மேச்சக்காரங்களுக்கும் பளியர்களுக்கும் முதல்ல வேலை குடுக்கனும். இந்த கடைசி வரிய விட்டுராதீங்க, மேச்சக்காரர் வீட்டுக்கு ஒரு சம்பளம் வந்தா கூட்டத்துல உங்களுக்கு பாதி வேலை முடிஞ்சிரும். தீர்மான நகல ஊராட்சி செயலர்கிட்ட கையெழுத்து சீலோட வாங்கி ரேஞ்சர், தாசில்தார், பிடிஓ, தீயணைப்பு நிலைய அலுவலர் நாலு பேருக்கும் நேர்ல குடுத்து ஒப்புகை வாங்கிக்கங்க, தபால்ல அனுப்பாதீங்க, அது எங்கயாச்சும் ஃபைலுக்கு அடியில கிடக்கும். டிராஃப்ட் எழுதத் தெரியலன்னா சொல்லுங்க தம்பி, ஊர் பேர மட்டும் மாத்துற மாதிரி எழுதி அனுப்புறேன்.